தண்ணீர் தடவிய நாற்றுகள்

வெறும் தண்ணீர் தடவிய மிளகாய் நாற்றுகளிலும் மஞ்சள் புள்ளி விழுந்திருந்தது. போன தடவையும் இதே கதைதான். கஸ்தூரிக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் பரளச்சியை ஒட்டிய பண்ணையில் ஓர் ஓலைக் கொட்டகைதான் அவளுடைய ஆராய்ச்சிக்கூடம். இலையில் மஞ்சள் புள்ளி விழவைக்கும் தேமல் நோயைக் கொண்டுவரும் வைரஸின் மேலுறையைப் பீனாலால் நீக்கிவிட்டு, உள்ளே சுருண்டு கிடக்கும் இழையை மட்டும் இலையில் தடவுவாள். அந்த இழைக்குக் கையுமில்லை, வாயுமில்லை. என்னைப் போல இன்னொன்று செய் என்கிற கட்டளை மட்டும்தான் அது. காயத்தின் வழியே உள்ளே போய்விட்டால் போதும், செடி தன் வேலையை விட்டுவிட்டு அதன் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிடும். நோய் தருவது இழைதான் என்று நிரூபிக்க, தண்ணீர் தடவிய நாற்றுகள் சுத்தமாக நிற்க வேண்டும். இந்தத் தடவையும் நிற்காவிட்டால் கொட்டகையை மூடிவிடுவதாக மேலதிகாரி சொல்லிவிட்டார். மூடினால், சண்டை போட்டு வெளியேறிய மாமியார் வீட்டுக்கே கைக்குழந்தை பாலாமணியோடு திரும்பிப் போக வேண்டும்.

பூச்சியாக இருக்குமோ என்று மல்துணியால் கூண்டு கட்டினாள். தண்ணீரைக் கொதிக்கவைத்தாள். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல் நுனிகள் வெடித்தன. புகையிலையிலும் இதே நோய் உண்டு என்பதால், புகையிலை போடும் காவல்காரர் சீனிச்சாமியின் கையிலிருந்து நோய் தொற்றியிருக்கலாம் என்று அவரை வாசலோடு நிறுத்திவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்படியும் புள்ளி விழுந்தது. தலைகீழாக நின்றாலும் இந்த நாற்றுகள் தன்னை வாழவிடப் போவதில்லை என்று வெறுத்துப் போனது.

உள்ளே யார் போனது என்று சீனிச்சாமியிடம் எரிந்து விழுந்தாள். அவர் தயங்கினார்.

"நேத்தும் உச்சிவெயில்ல நீங்கதானம்மா உள்ள நின்னு தடவிக்கிட்டு இருந்தீக. கூப்புட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல."

நேற்று அந்த நேரத்தில் அவள் வீட்டில் குழந்தையின் பக்கத்தில் படுத்திருந்தாள். தூங்கினாள். தூங்கியதாகத்தான் நினைத்திருந்தாள். கையை விரித்துப் பார்த்தாள். இலையில் காயம் உண்டாக்குவதற்காக வைத்திருக்கும் சாம்பல் நிறத் தூள் நகக்கண்களில் அப்பியிருந்தது.

சாவியை அவரிடமே கொடுத்து, தானே வந்து கேட்டாலும் தரக்கூடாது என்றாள். வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டாள். தூளி ஆடி ஓய்ந்தது. கரிசல் வெடிப்புகளிலிருந்து எழுந்த வெக்கையும், எத்தனை குளித்தும் சேலையை விட்டுப் போகாத பீனால் நெடியும், தூத்துக்குடி ரோட்டில் எங்கோ இரையும் லாரியின் முனகலும் சேர்ந்து கண்ணிமைகளை அழுத்த, தூங்கிவிடக் கூடாது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

சர்... சர்...

எலியாக இருக்கும். இல்லை. ஓலை உரசுகிறதோ? காற்றே இல்லை. சத்தம் வீட்டுக்குள்தான். மிகவும் பக்கத்தில்.

அவள் உட்கார்ந்திருக்கவில்லை. தூளியருகே நின்றுகொண்டிருந்தாள். கதவின் தாழ் திறந்து கிடந்தது, இடுப்பில் கொட்டகைச் சாவி. இடது கையில் இழைக் கரைசல் வைக்கும் கொட்டகைக் கிண்ணம். வலது கையின் ஆள்காட்டி விரல், ஈரமாக, தூளோடு, இலை கிழிந்துவிடாமல் தடவுகிற அதே பக்குவத்தில் பாலாமணியின் கன்னத்தில் போய்வந்துகொண்டிருந்தது. குழந்தை தூக்கத்தில் சிரித்தது.

கையை எடு என்று தனக்குத்தானே சொன்னாள். விரல் கிண்ணத்தில் தொட்டுக்கொண்டு, மறு கன்னத்துக்குப் போனது.