நான்காவது எழுத்து

படத்தில் நான்கு எழுத்துகள் இருந்தன. கீழே விளக்கம் மூன்றுக்குத்தான் இருந்தது.

இரும்புக் கேட்டின் படம் அது. நூற்றிருபது வருடப் பழைய ஆங்கில அகராதியில், சொல்லுக்குப் பக்கத்திலேயே, தீப்பெட்டி அளவில், மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்திருந்தார்கள். ஏ, தூண். பி, கீல். சி, தாழ்ப்பாள். கேட்டுக்கு வெளியே, வெறும் தெருவில், ஓர் ஆள் நின்றால் மார்பு இருக்கும் உயரத்தில், சின்னதாக ஒரு டி. அது எதைக் காட்டுகிறது என்று ஒரு வார்த்தையும் இல்லை.

அந்த அகராதியைத் தமிழ் விளக்கத்தோடு மறுபடி அச்சிடும் பதிப்பகத்தில் அவள் மெய்ப்புத் திருத்துபவள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து வேலையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டிய மனிதர். இப்போது கண்ணைத் தவிர எதுவும் அசையாது. ஒரு தடவை சிமிட்டினால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை. மாடியில் இரண்டே அறைகள். முன்னறையில் அவள் மேஜை, உள்ளறையில் அவர் கட்டில். வேலைக்கு நடுவே அவருக்கு வாசித்துக் காட்டுவாள்.

"கேளுங்கப்பா, கொட்டாவின்னா என்னவாம் தெரியுமா? 'சபையில் தவிர்க்கத்தக்கதொரு வாய்திறப்பு.' எழுதினவர் பேசறப்ப யாரோ நல்லா விட்டிருக்காங்க."

அவர் கண்ணோரம் சுருங்கும். அதுதான் சிரிப்பு.

பதிப்பாசிரியருக்குப் போன் போட்டாள்.

"சார், கேட் படத்துல டிக்கு விளக்கமே இல்ல. எழுத்தை எடுத்துடலாமா?"

"படத்துல கை வைக்காதீங்கம்மா. பொருத்தமா ஏதாவது போட்டு முடிங்க. இந்தப் பகுதி நாளைக்கே அச்சுக்குப் போகணும்."

பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். தெருவில் அந்த இடத்தில் வேறென்ன இருக்க முடியும்? எழுதினாள்: டி, நிற்பவர்.

அன்று சாயங்காலம் கீழே கேட்டின் தாழ்ப்பாள் ஒரு தடவை எழும்பி விழுந்தது. எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. கேட் மட்டும் ஒரு சாண் திறந்திருந்தது.

மூன்று வாரத்தில் வேலை முக்கால் அகராதியைத் தாண்டியது. வாசல் முகப்பின் படம் வந்தபோது, டி அங்கேயும் இருந்தது, தூணுக்குப் பின்னால். இந்தத் தடவை விளக்கமும் இருந்தது. மங்கிய பழைய மையில், மற்ற மூன்றோடு நான்காவதாக, அவள் போட்ட அதே சொல்லுக்கு நேரான ஆங்கிலச் சொல். விரலால் தடவினாள். பழைய அச்செழுத்து காகிதத்தில் பதிந்த பள்ளம் விரல் நுனியில் தட்டியது. அவள் இட்டுக்கட்டிய சொல், அவள் பாட்டனார் காலத்திலேயே அச்சாகியிருந்தது.

மறுபடி போன் போட்டாள்.

"சார், அந்தக் கேட் படத்துல நான் போட்டதை எடுத்துடுங்க. தயவுசெஞ்சு."

"அது அச்சாகி முடிஞ்சு போச்சேம்மா. மூவாயிரம் பிரதி. என்ன, தப்பா?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

படிக்கட்டின் படம் வந்தது ஒரு மழை மத்தியானம். மணி மூன்றுதான், ஆனாலும் வெளிச்சம் கழுவி ஊற்றியதுபோல் வடிந்துபோய், ஜன்னல் கம்பிகளின் நிழல்கூடத் தரையில் விழாமல், அறை முழுக்க ஈரச் சுவரின் வாடையும் பழங்காகிதத்தின் புளித்த வாடையும் கலந்து நிற்க, அவள் பூதக்கண்ணாடியைப் படத்தின் மேல் வைத்துக் குனிந்தாள். பதினோரு படிகள். வளைவில்லாத, ஒடுக்கமான, ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி வைத்த படிக்கட்டு. அவள் வீட்டுப் படிக்கட்டும் பதினொன்று. டி ஒன்பதாவது படியில் இருந்தது.

வெளியே, மழைச் சத்தத்துக்கு அடியில், படியில் ஏதோ அழுந்தியது. செருப்புச் சத்தம் இல்லை. வெறுங்கால் சத்தமும் இல்லை. கனம் ஒன்று இடம் மாறும் சத்தம்.

பத்து.

பாய்ந்து கதவைத் தாழிட்டாள். முதுகை அதில் சாய்த்து நின்றாள். பதினொன்றாவது சத்தத்துக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. மழை மட்டும் பெய்தது. நெஞ்சு அடங்க வெகுநேரம் பிடித்தது. அதற்குள் அந்தப் புளித்த வாடை மேஜையிலிருந்து வரவில்லை என்பது புரிந்தது. உள்ளறையிலிருந்து வந்தது.

உள்ளறை வாசலில் நின்று கேட்டாள்.

"அப்பா, யாராவது வந்தாங்களா?"

அவர் கண் ஒரு தடவை மூடித் திறந்தது.

"போயிட்டாங்களா?"

ஒன்று. இரண்டு.

அறையில் கட்டில், மருந்து ஸ்டூல், மின்விசிறி. வேறெதுவும் இல்லை. ஓடிப்போய் அகராதியை எடுத்தாள். பக்கங்கள் கிழியப் புரட்டினாள். கட்டில், ஆங்கிலத்தில் இரண்டாம் எழுத்தில் வரும் சொல். அந்தப் பக்கத்தை அவள் முதல் மாதமே திருத்தி அனுப்பிவிட்டாள். ஏ, தலைமாட்டுப் பலகை. பி, கால். சி, மெத்தை. மூன்றே மூன்று. அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

மூன்று இல்லை. மெத்தையின் மேல், நடுவில், டி.

உள்ளே கட்டில் முனகியது.

திரும்பிப் போனபோது அப்பா இடம் மாறியிருந்தார். இரண்டு வருடமாகத் தன்னால் ஒரு விரல்கூட நகர்த்த முடியாதவர், சுவரோடு சுவராக ஒண்டிக் கிடந்தார். கன்னம் சுண்ணாம்பில் அப்பியிருந்தது. அவருக்குப் பக்கத்தில், காலியான பாதியில், மெத்தை அமுங்கியிருந்தது. தலையணையிலிருந்து கட்டிலின் கடைசிவரை. நீளமாக.

"அப்பா." கட்டிலை ஒட்டி நின்றாள். "நான் தூக்கறேன். வாங்கப்பா."

பள்ளத்துக்கு மேலே குனிந்துதான் அவரைத் தொட முடியும். குனிந்தாள். அவர் தோளைப் பிடித்தாள். இழுத்தாள். அவர் அசையவில்லை. யாரோ அவரை அழுத்திப் பிடித்திருப்பதுபோல் இருந்தது.

அவள் வயிற்றுக்குக் கீழே மெத்தை மெதுவாக எழும்பியது. பள்ளம் மறைந்தது. சமமானது.

அப்பாவின் கண்கள் அவளை விட்டன. மெத்தையோரம் போயின. தரைக்கு இறங்கின. கட்டிலைச் சுற்றி வந்தன, கொஞ்சம் கொஞ்சமாக. அவள் முதுகுப் பக்கம். மேலே ஏறின.

அவள் தலைக்கு ஒரு முழம் மேலே போய் நின்றன.

சிமிட்டவில்லை.