ஜெயிக்க விடாத வட்டம்

குமிழூரில் தேர்தல் வந்துவிட்டால் வேட்பாளர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். செவ்வாய்க் கிரகத்தில், ஒரு பெரிய கண்ணாடிக் குமிழுக்குள் இருக்கும் ஊர் அது. பூமியில் தேர்தல் வாக்குறுதிகளை நம்பி ஏமாந்த கோபம் ஆறாமல், குடியேறியவர்கள் முதல் வேலையாக ஒரு சட்டம் போட்டார்கள். வேட்பாளர் நாலு பேர் முன்னால் எதைச் செய்வேன் என்று சொன்னாலும், ஏவலர்கள் என்ற எந்திர மனிதர்கள் அன்றைக்கே அதைச் செய்து முடித்துவிட வேண்டும். வேட்பாளர் கழுத்தில் ஒட்டியிருக்கும் ‘சொல்வாங்கி’ பேச்சை நேரே ஏவலர்களுக்கு அனுப்பிவிடும்.

நல்ல சட்டம்தான். ஆனால் முதல் தேர்தலிலேயே ஒரு புண்ணியவான் பழைய பழக்கத்தில், “வீட்டுக்கு வீடு ஆடு!” என்று முழங்கிவைத்தார். பொழுது சாய்வதற்குள் ஏவலர்கள் ஆய்வுக்கூடத்தில் ஆடுகளை உருவாக்கி, வாசலுக்கு வாசல் கட்டிவிட்டுப் போய்விட்டன. ஊருக்கே மூச்சுக்காற்று தரும் கீரைத் தோட்டத்தை அவை மேய்ந்து தீர்த்தன. சண்டை போடக்கூட மூச்சு பற்றாமல் சனங்கள் தவித்துப் போனார்கள். அன்றிலிருந்து வேட்பாளர்களின் நாக்குக்குப் பூட்டு.

ஒன்பதாம் வட்டத்தில் வேதரத்தினம் தொடர்ந்து ஜெயித்து வந்ததே அப்படித்தான். இந்த முறை கூட்டத்திலும், தண்ணீர்ப் பிரச்சினை பற்றி அவர் கருத்தைக் கேட்டார்கள்.

“தண்ணீர் மிகவும் முக்கியம்” என்றார்.

“பள்ளிக்கூடம்?”

“பிள்ளைகள் படிக்க வேண்டும்.”

கைதட்டல் வாங்கிக்கொண்டு பத்திரமாக உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து எழுந்தவள் தமயந்தி. ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவள். மன்றத்தில் ஒரு தடவையாவது உறுப்பினராக உட்கார்ந்துவிட வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஒரு ஆசை. அதற்காக ஒவ்வொரு வார்த்தையையும் யோசித்து வைத்திருந்தாள்.

“மூணாம் சுரங்கத் தெருவுக்குக் குழாய் போடுவேன். ஒரு அங்குலக் குழாய். தெருவ நோண்டினா திரும்ப மூடிடணும். பள்ளிக்கூடக் கூரையில காத்து கசியுது, அதை அடைப்பேன். ஆஸ்பத்திரிக்கு லிஃப்ட் வெப்பேன். ஆடு கெடையாது!”

சிரிப்பு அடங்குவதற்குள் துளைபோடும் சத்தம் கேட்டது. கூட்டம் கலையும் நேரத்தில் பக்கத்து வீட்டு எஸ்தர் குடமும் கையுமாக ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

“தண்ணி வந்துருச்சுக்கா! நீங்க நல்லா இருக்கணும்!”

தமயந்திக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தத் தடவை பதவி தனக்குத்தான் என்று முடிவே கட்டிவிட்டாள். பதவியேற்புக்குக் கட்டப் புடவை எடுத்து வைத்தாள்.

வாக்கு எண்ணினார்கள். வேதரத்தினத்துக்கு வட்டத்து ஓட்டெல்லாம் விழுந்திருந்தது. தமயந்திக்கு ஒரே ஒரு ஓட்டு. அது அவள் போட்டது. அவள் மெதுவாகத் திரும்பிப் புருஷன் சிகாமணியைப் பார்த்தாள்.

“அப்ப நீங்க?”

சிகாமணி தலையைச் சொறிந்தார். “நம்ம தெரு வெளக்கு இன்னும் மங்கலாத்தானே எரியுது, தமா...”

ஒன்றும் புரியாமல் தமயந்தி எஸ்தர் வீட்டுக்கு விறுவிறுவென்று போனாள். “ஏன்டி, உனக்கு நான் என்ன கொறை வெச்சேன்?”

“ஐயோ, கொறையா! உங்களைப் போயி ஜெயிக்க வெப்பமா?” எஸ்தருக்கே அதிர்ச்சி. “ஜெயிச்சுட்டா சொல்வாங்கியக் கழட்டிருவாங்களேக்கா. அப்புறம் நீங்க சொன்னா எந்த ஏவலர் கேக்கும்? குழு போடுவாங்க, கோப்பு போகும், அவ்வளவுதான். வேட்பாளரா இருந்தாத்தானே எங்களுக்கு வேலை நடக்கும்? அடுத்த தேர்தலுக்கு இப்பவே உங்க பேரைக் குடுத்துட்டோம். இந்தாங்க.”

புதுச் சொல்வாங்கியைத் தமயந்தியின் கையில் திணித்தாள். தமயந்திக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

வெளியே வெற்றிக் கூட்டம். கழுத்தில் ஒன்றும் இல்லாத தைரியத்தில் வேதரத்தினம் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். “குமிழூருக்குக் கடற்கரை அமைப்பேன்! மாதம் மூன்று மழை பொழியவைப்பேன்! வீட்டுக்கு வீடு யானை!”

ஏவலர்கள் அசையாமல் நின்றன. சனங்களோ மெய்மறந்து விசிலடித்தார்கள்.

தமயந்தி சொல்வாங்கியைக் கழுத்தில் ஒட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தாள். அத்தனை ஏவலர்களும் அவள் பக்கம் திரும்பின.

“ஜெயிச்சவங்க கழுத்துலயும், பதவி முடியற வரைக்கும், சொல்வாங்கி ஒட்டுவேன்!”

இரண்டு ஏவலர்கள் மேடையேறின. “அடுத்ததாக, அருமை மக்களே...” என்று ஆரம்பித்திருந்த வேதரத்தினத்தின் கழுத்தில் ஒட்டிவிட்டு, என்ன சொல்லப்போகிறார் என்று பணிவாகக் காத்து நின்றன. அவர் ஏவலர்களைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார்.

“தண்ணீர் மிகவும் முக்கியம்” என்றார்.

கூட்டத்தில் விசில் நின்றுபோனது. எல்லார் முகமும் தொங்கிவிட்டது. எஸ்தர் தமயந்தியின் தோளை இடித்தாள்.

“போங்கக்கா! எவ்வளவு நல்லாப் பேசிக்கிட்டு இருந்தாரு, கெடுத்துட்டீங்களே!”