பச்சையில் இருந்த வகுப்பு

வகுப்புக்கு வரும் பிள்ளைகள் செருப்பைக் கழற்றுவார்கள், தண்ணீர் குடிப்பார்கள், பிறகு காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் நலமானியை விரலால் ஒருமுறை அழுத்துவார்கள். சுவரிலுள்ள பயன்பலகையில் எங்கள் எண் தெரியும். அது பச்சையாக இருந்தால் பாயை விரித்து ஒத்திகையைத் தொடங்குவோம். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பின்புறம், பழைய உப்புக் கிடங்கு ஒன்றில் நான் நடத்திவந்த நாடக வகுப்பு அது. என் பெயர் ஜெசிந்தா.

கலைவகுப்பால் நாட்டுக்கு என்ன லாபம் என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்த காலம் போய், அதை அளந்தே சொல்லிவிடும் காலம் வந்திருந்தது. நலமானி இரவுபகலாகப் பிள்ளையின் நாடியையும் ரத்தத்தில் ஊறும் சுரப்புகளையும் படிக்கும். இந்தப் பிள்ளை பின்னாளில் எவ்வளவு சம்பாதிக்கும், எத்தனை தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும், அக்கம்பக்கத்தோடு எப்படிப் பழகும் என்று கணித்து ஒரே எண்ணாக்கிவிடும். எல்லோருடைய எண்ணும் சேர்ந்ததுதான் வகுப்பின் பயன் எண். அது சிவப்புக்கு இறங்கி ஒரு மாலை முழுக்க அங்கேயே நின்றால் வகுப்பை மூடிவிடுவார்கள். கெஞ்சலும் பலிக்காது, சிபாரிசும் பலிக்காது. பக்கத்துத் தெரு ஓவிய வகுப்பு அப்படித்தான் போனது. பரீட்சை முடிவு வந்த நாளில் பிள்ளைகள் மனமுடைந்து உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

நாங்கள் மட்டும் சிவப்பைக் கண்டதே இல்லை. எல்லாம் நாடகத்தின் மகிமை என்று நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு சாயங்காலம் பயன் ஆய்வாளர் கோமதிநாயகம் வந்தார். இதமாகப் பேசும் மனிதர். ஒத்திகையை ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அந்தப் பிரின்சிங்கிற பிள்ளைக்கு அம்மா தவறிட்டாங்கன்னு பதிவுல இருக்கே மேடம்?"

"ஆமா சார், போன மாசம். அடக்கம் முடிஞ்ச மறுநாளே கிளாசுக்கு வந்துட்டா."

"அன்னைக்கு அவ எண் ஏறியிருக்கு. மிஷின் கோளாறுன்னு நெனச்சேன். சோதிச்சுப் பாத்தா சரியாத்தான் இருக்கு. அப்படி என்ன சொல்லிக் குடுக்கிய நீங்க?"

என் முதல் பாடமே மூச்சுதான். கோபம் வேண்டுமானால் கோபக்காரன் விடுவதுபோல் மூச்சை விடு, சந்தோஷம் வேண்டுமானால் நெஞ்சை இளக்கி நீளமாக விடு, உடம்பு நம்பிவிடும், முகம் தானாக வரும் என்பேன். பிள்ளைகள் அதை மேடையோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. "துக்கம் ஒட்டாத பிள்ளைங்க. மாநிலம் பூரா எல்லா வகுப்புக்கும் இதக் கொண்டுபோயிரலாம் மேடம்."

நான் பிரின்சியிடம் போனேன். "அம்மா போனதுக்கப்புறம் நீ அழுதியாம்மா?"

"இல்ல மிஸ். எண் இறங்கிரும்லா? கிளாஸ மூடிட்டா நாங்கல்லாம் எங்க போவோம்? நம்ம கிளாஸ் ரெனால்டோட அண்ணன ஜெயில்ல போட்டப்ப அவனும் இப்படித்தான் மூச்சு விட்டான்."

"வீட்டுலயாவது அழக்கூடாதா?"

"அங்கயும் மானி ஒட்டித்தான மிஸ் இருக்கு."

"இனி அப்படி மூச்சு விடாத. அழணும்னா அழு."

அவள் வாயைத் திறந்து அழப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. பிறகு, ஒரு காட்சியில் சந்தேகம் கேட்கிற தொனியில் கேட்டாள்: "வரமாட்டேங்கு மிஸ். அழறதுக்கு எப்படி மூச்சு விடணும்? சொல்லிக் குடுங்க."

என் மாணவியைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது. பாயில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். சின்னச் சின்னதாக உள்ளே இழு, வெளியே வருவதைத் தடுக்காதே. முதலில் அவள் நடித்தாள், நன்றாகவே நடித்தாள். பிறகு, "அம்மா வச்ச மீன்கொழம்பு இன்னும் ஃபிரிட்ஜுலயே இருக்கு மிஸ். அப்பா எடுக்க விடமாட்டேங்காவ" என்றாள். அதோடு நடிப்பு போய்விட்டது. மற்றவர்கள் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். ரெனால்டு முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான்.

பலகை மஞ்சளுக்கு இறங்கியது. கோமதிநாயகம் ஓடிவந்தார். "நிறுத்தச் சொல்லுங்க மேடம். சிவப்புல நின்னுட்டா என் கையில ஒண்ணும் இல்ல."

பிரின்சி தலையைத் தூக்கிப் பலகையைப் பார்த்தாள். விம்மலை அப்படியே பிடித்து நிறுத்தி, நெஞ்சை இளக்கி, நீளமாக மூச்சு விடத் தொடங்கினாள்.

"வேண்டாம்மா" என்று அவள் தோளைப் பிடித்தேன்.

"கிளாஸ் போயிரும் மிஸ்."

"போகட்டும்."

வகுப்பு போய்த்தான் விட்டது. கிடங்கைப் பூட்டிய அன்று பிள்ளைகள் வாசலில் கூடி நின்றார்கள். ரெனால்டு யாரையோ கெட்டவார்த்தையில் திட்டிக்கொண்டே அழுதான். எனக்கும் பொங்கிக்கொண்டு வந்தது. எத்தனை வருஷ வகுப்பு. பழக்கதோஷம், பிள்ளைகள் முன்னால் நெஞ்சை இளக்கி மூச்சைச் சரிசெய்யப் பார்த்தேன்.

பிரின்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சும்மா அழுங்க மிஸ்" என்றாள்.