பார்வையாளர் ஒருவர்

கர்ப்பிணிகளின் இணையக் குழுவில் நாகஜோதியின் பெயர் ‘மல்லிச்செடி’. சில வாரங்களுக்குப் பிறகு அன்று மதியம் திறந்தபோது அந்தக் குழு அவளை ‘வணக்கம் நாகஜோதி’ என்று வரவேற்றது.

அந்தப் பெயரை அவள் அங்கே யாரிடமும் சொன்னதில்லை. ஒத்தக்கடையின் புது மனைகளுக்கு நடுவே இருந்த அந்த வாடகை வீட்டில், பக்கத்துக் கட்டடத்தின் கலவை இயந்திரச் சத்தமும் ஈரச் சிமெண்ட் வாசனையும் ஜன்னல் வழியே வந்துகொண்டிருக்க, அடுப்பில் கொதிக்கும் சோற்றை மறந்து போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். குழுவை நடத்தும் கம்பெனி, ஒரே மின்னஞ்சலில் இருந்த கணக்குகளையெல்லாம் போன மாதமே இணைத்துவிட்டதாம். அவளுடைய இரண்டாவது கணக்கும் கீழே இருந்தது. அதே கம்பெனியின் கல்யாணத் தளத்தில் உள்ளது.

அதில் அவள் படம், உசிலம்பட்டி ஸ்டூடியோவில் எடுத்தது. மாப்பிள்ளை பார்க்க அண்ணன் முத்துப்பாண்டி அவள் மின்னஞ்சலில் தொடங்கிய கணக்கு. இன்னமும் அவன் நம்பரில்தான் ஓடியது. வேறு சாதிக்காரனான சூர்யபிரகாஷோடு ஊரை விட்டு வந்த அன்று சிம்மை உடைத்தெறிந்தவள், மின்னஞ்சலை மாற்ற மறந்துவிட்டாள். கண்ணில் பட்டால் இரண்டு பேரையும் வெட்டுவேன் என்று அண்ணன் ஊரறியச் சொல்லியிருந்தான்.

படத்துக்குக் கீழே, அவள் குழுவில் எழுதியதெல்லாம் வரிசையாக இருந்தது. ஏழாம் மாதம். தெருப்பெயர்ப் பலகை தெரியும் வயிற்றுப் படம். செவ்வாய்தோறும் அவர் பைக்கில் தனியாக மேலூர் போகிறார், திரும்பும்வரை பயமாக இருக்கிறது என்ற புலம்பல். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரே வரி.

பார்வையாளர் ஒருவர்.

இன்று செவ்வாய்.

கலவை இயந்திரம் நின்றிருந்தது. எப்போது நின்றது? சோறு தீயும் வாடை. புருஷனின் நம்பரை அழுத்தினாள். எடுத்தார்கள். மூச்சுச் சத்தம் மட்டும்.

“என்னங்க, எங்க இருக்கீங்க?”

“நாந்தேன் ஜோதி.” அண்ணனின் குரல். கோபமே இல்லை. “ஏழாம் மாசமாமுல்ல. எங்களுக்கு ஒரு வார்த்த சொல்ல வேணாமா? வளையல் வாங்கியாந்திருக்கோம்.”

“அவரு எங்கண்ணே?”

“மாப்ளையையும் கூட்டிக்கிட்டுத்தேன் வந்திருக்கோம். எம்புட்டுக் கூப்புட்டும் பேச மாட்டேங்கிறாரு.”

போனுக்குள் கண்ணாடி வளையல்கள் குலுங்கின. அதே குலுங்கல் வாசலிலும் கேட்டது.

ஜன்னலுக்குப் போனாள். இரும்புக் கேட் மூடியிருந்தது. அதன் அடி இடைவெளியில் இரண்டு ஜோடிச் செருப்புக் கால்கள். நடுவே சூர்யபிரகாஷின் வெறுங்கால்கள். பாதம் ஊன்றவில்லை. விரல்நுனிகள் மட்டும் மண்ணில் உரசிக்கொண்டிருந்தன.