பெத்தவர் பார்க்கிற வரைக்கும்

ஆந்திர எல்லையோரத்து நகரியில் தறி ஓடுகிற தெருவில் பிறந்தவர்களுக்குச் சத்தம் பயமில்லை. சத்தம் நின்றால்தான் பயம். அன்றைக்கு மத்தியானம் மழையில் கரண்ட் போய், தெரு முழுக்கத் தறிகள் அடங்கிக் கிடந்தன. தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தமும், எங்கோ ஒரு அலுமினியச் சட்டியில் ஒழுகல் சொட்டுகிற சத்தமும், அதற்கு நடுவில் அகிலாவின் கம்ப்யூட்டர் விசிறி இரைகிற இரைச்சலும்தான். இன்வெர்ட்டரில் ஓடுகிற பழைய பெட்டி. அது எதற்கு இப்படி மூச்சு வாங்குகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. அதில் அவள் ஒரு வேலையும் ஓட்டவில்லை.

திருப்பதியில் ஒரு காலேஜுக்கு சர்வர் பார்த்துக்கொள்கிறவள் அகிலா. மழை நாளில் வீட்டிலிருந்தே வேலை. இந்தப் பெட்டி அவள் தம்பி சுதீர் பாகம் பாகமாக வாங்கிக் கோத்து, லினக்ஸ் போட்டுக் கொடுத்தது. உள்ளே என்ன ஓடுகிறது, யார் பேரில் ஓடுகிறது, எது எதைப் பெற்றது என்று கேட்டால் வரிசையாகச் சொல்லிவிடும். உள்ளே ஓடுகிற ஒவ்வொரு வேலைக்கும் ப்ராசஸ் என்று பேர்; ஒவ்வொரு ப்ராசஸும் இன்னொன்றுக்குப் பிறந்ததுதான். அங்கேயும் பெத்தவர், பிள்ளை எல்லாம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணும் உண்டு.

கேட்டாள். வரிசை இறங்கியது. கடைசிக்கு முந்தின வரியில் கண் நின்றுவிட்டது.

சுதீர்.

பேருக்குப் பக்கத்தில் இஸட் என்று ஒற்றை எழுத்து. ஸோம்பி. செத்துப்போன ப்ராசஸ் என்று அர்த்தம்.

செத்த ப்ராசஸ் தெரிவது அதிசயமில்லை. பிள்ளை ப்ராசஸ் செத்தால், பெத்த ப்ராசஸ் வந்து ‘பார்த்தேன்’ என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லாத வரைக்கும் செத்தது வரிசையிலேயே நிற்கும். ஆனால் சுதீர் போனபின் பெட்டியில் அவன் பேரில் இருந்த கணக்கை அகிலாவே தன் கையால் அழித்திருந்தாள். அழித்த ஆளின் பேர் அங்கே தெரியக் கூடாது. தெரிந்தால் வெறும் எண்தான் தெரியணும்.

“சனியன், எங்கியோ பேர் ஒட்டிக்கினு கீது” என்று தனக்குத்தானே திட்டிக்கொண்டு, கில் மைனஸ் ஒன்பது என்று அடித்தாள். எதையும் ஒரே போடாகச் சாகடிக்கிற கட்டளை. மறுபடி பார்த்தாள். அந்த வரி அசையவே இல்லை. பின்னே? செத்ததை எப்படிச் சாகடிப்பது?

பெட்டியை அணைத்துப் போட்டாள். அணைத்தால் எல்லாம் போயாகணும், அதுதான் விதி. விசிறி சுற்ற ஆரம்பித்து, திரை வந்து, வரிசை இறங்கியது. சுதீர். அதே இடத்தில்.

எப்போது ஆரம்பித்தது என்று கேட்டாள். போன ஆவணி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை காலை என்றது. அவன் செத்த நாள் அதுவல்லவே என்று நினைத்தாள். நினைத்த மறு நிமிஷமே நாள் பிடிபட்டது. அந்த வெள்ளிக்கிழமையை அவள் மறப்பாளா?

அன்றைக்குத்தான் அவள் நைனா வேதாச்சலம் தலைமுழுகினார்.

சுதீர் புத்தூரில் ஒரு தெலுங்குப் பெண்ணை, ஹரிதாவை, ரிஜிஸ்டர் ஆபீஸில் கட்டிக்கொண்டான். சேதி வந்த காலையில் வேதாச்சலம் ஓடுகிற தறியை நிறுத்திவிட்டு எழுந்தார். பின்கட்டுத் தண்ணித்தொட்டிக்குப் போனார். தெரு சனம் மொத்தமும் எட்டிப் பார்க்க, எழவு வீட்டுக்குப் போய்வந்தவர் மாதிரி சொம்பு சொம்பாகத் தலையில் ஊற்றிக்கொண்டார். சொட்டச் சொட்ட உள்ளே வந்து, “எனக்குப் பையன் இல்ல. செத்துட்டான்” என்று சொல்லிவிட்டுத் தறியில் உட்கார்ந்தார். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு முழுக்கு! கல்நெஞ்சுக்காரர் என்றால் அப்படியொரு கல்நெஞ்சு.

வாய் முகூர்த்தமோ என்னவோ, தை மாதம் ரேணிகுண்டா ரோட்டில் லாரி அடித்து அவன் நிஜமாகவே செத்தான். திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது வேதாச்சலம் தறியை நிறுத்தக்கூட இல்லை. “எத்தினி வாட்டி முழுகறது ஒருத்தனுக்கு?” என்றார். அவ்வளவுதான். அம்மா என்றைக்கோ போய்ச் சேர்ந்தாயிற்று, அகிலாதான் போனாள். பிணவறை ஆள் “நாயன ராலேதா?” என்று தெலுங்கில் கேட்டபோது, அப்பா வரவில்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். அந்த ஆள் சுதீர் முகத்துத் துணியை விலக்கினான். அகிலா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். ஹரிதா பார்த்தாள். அலறினாள். அகிலா பார்க்கவே இல்லை. கொள்ளி வைத்தது ஒரு சிநேகிதன்.

இப்போது மழைச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது.

பின்கட்டில். தொட்டிக்குள் சொம்பு முங்குகிற சத்தம். களக். அப்புறம் தண்ணீர் ஒரு தலையில் விழுந்து, தோளில் சரிந்து, கல்லில் சிதறுகிற சத்தம். மழைத் தண்ணி அப்படி விழாது. மறுபடியும் களக். கஞ்சிப்பசை நாற்றமும் தறி எண்ணெய் நாற்றமும் ஊறிய அந்த வீட்டில், ஈர மயிர் வாடை மெதுவாக நடையைத் தாண்டி வந்தது. பாசி பிடித்த தொட்டித் தண்ணி வாடையும் அதோடு கலந்து வந்தது.

அவள் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்தாள். இந்தச் செத்த ப்ராசஸைப் பெத்தது எது?

பெத்தவர் பேர் நைனா.

அது சுதீர் விளையாட்டாகச் செய்தது. அப்பா பேரில் ஒரு கணக்குத் திறந்து, விடிகாலையில் தானாகப் பெருமாள் பாட்டு பாடுகிற மாதிரி ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதி வைத்திருந்தான். பிள்ளையைத் தலைமுழுகின மனுஷன் அவன் வைத்துவிட்டுப்போன பாட்டில்தான் தினம் எழுந்துகொண்டிருந்தார். அதை எடுத்துவிடட்டுமா என்று அகிலா ஒருமுறை கேட்டதற்கு, “அது பாட்டுக்குப் பாடிக்கினு போவட்டும், உனக்கு இன்னா?” என்று சீறியிருந்தார்.

அகிலா முன்கட்டுக்குப் போனாள். இருட்டில் நின்றுபோன தறிக்கு முன்னால் பலகையில் வேதாச்சலம் உட்கார்ந்திருந்தார். தூங்கவில்லை. பின்கட்டுப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“நைனா, உனக்குக் கேக்குதா?”

“இன்னா?”

“தொட்டியாண்ட. யாரோ குளிக்கறாங்க.”

அறுந்த இழை ஒன்றை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். சுற்றிச் சுற்றி விரல் நுனி கறுத்துவிட்டது.

“அவனுக்குன்னு நீ ஒரு வார்த்த சொல்லலியே நைனா. என் புள்ள செத்துட்டான், பார்த்துட்டேன்னு சொல்லு. உன் கால்ல உழறேன். ஒரே வார்த்த.”

“நான் அப்பவே சொல்லிட்டேன்.”

“அப்ப அவன் உயிரோட இருந்தான்!”

களக் என்றது பின்கட்டில். கிழவரின் தோள் ஒருதரம் குலுங்கியது. அழப்போகிறார் என்று நினைத்தாள். அவர் அழவில்லை.

“தெனம் வரான்” என்றார். “என் வாயால கேக்கணும்னு நிக்கறான். நிக்கட்டும்.”

நிக்கட்டும்! பெத்த மனசா அது, இல்லை பாறாங்கல்லா? அகிலாவுக்கு உச்சந்தலை வரைக்கும் கொதித்தது. பயம்கூட ஒரு நிமிஷம் போன இடம் தெரியவில்லை. அவள் வளர்த்த பிள்ளை அவன். அம்மா போனபின் இடுப்பில் தூக்கிக்கொண்டு சோறு ஊட்டின பிள்ளை. மாதக்கணக்கில் மழையிலும் பனியிலும் தொட்டியாண்ட நிற்கிறானா? இந்த மனுஷனுடைய ஒரு வார்த்தைக்காகவா?

விறுவிறுவென்று வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

ஸோம்பி போக இரண்டே வழி. பெத்தவர் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பெத்தவரைச் சாகடிக்க வேண்டும். பெத்தவர் செத்தால் பிள்ளை அநாதை, அதை ஒண்ணாம் நம்பர் ப்ராசஸ் எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மூத்தது அது. எடுத்ததும் பார்த்துவிடும், பார்த்ததும் விட்டுவிடும். சுதீர் அதைப் பெருமாள் என்பான். “கைவிட்டதையெல்லாம் மேல கீறவர் பார்த்துக்குவாரு அக்கா” என்று சிரிப்பான்.

வெறும் பாட்டுப் பெட்டி ப்ரோக்ராம்தானே என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். அவளுக்கே அது பொய்யென்று தெரியும். தெரிந்தேதான் அடித்தாள். கில் மைனஸ் ஒன்பது. நைனா பேரில் இருந்த எண். என்டர்.

பின்கட்டில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

அப்பாடா என்று மூச்சை விடுவதற்குள், முன்கட்டில் தறி ஒரே ஒரு தரம் டக் என்று அடித்தது.

கரண்ட் வரவில்லையே.

ஓடினாள். வேதாச்சலம் தறியில் விரித்த பாவு நூலின் மேல் தலையைச் சாய்த்துக் கிடந்தார். மழையில் நனையாத மனுஷன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காதிலிருந்து, புருவத்திலிருந்து, வெண்தாடியிலிருந்து. பாதி நெய்த துணி அவர் முகத்தடியில் தெப்பமாக நனைந்திருந்தது. தொட்டாள். கல் மாதிரி சில்லிட்டிருந்தது. கண் திறந்தே இருந்தது.

“ஐயோ நைனா! ஐயோ, நான் இன்னா பண்ணிட்டேன்!”

கதறிக்கொண்டே போனை எடுக்க உள்ளே ஓடினாள். போன் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இருந்தது. கையில் எடுத்தாள். எடுத்த கை நின்றுவிட்டது.

அந்த வரி போகவில்லை.

சுதீர். இஸட்.

அதன் கீழே புதிதாக ஒரு வரி. நைனா. இஸட்.

இரண்டுக்கும் பெத்தவர் எண் மாறியிருந்தது. ஒண்ணாம் நம்பர் இல்லை. பெருமாளே கையை விரித்துவிட்டார். அந்த எண்ணை அவள் தேடிப் பார்க்க வேண்டியதே இல்லை. தினமும் பார்க்கிற அவளுடைய சொந்த வரிதான். பேர் அகிலா.

விசிறி அடங்கியது. மழைகூட அடங்கின மாதிரி இருந்தது.

ஈர மயிர் வாடை இப்போது பிடரிக்குப் பக்கத்தில்.

சொட். சொட். இரண்டு இடத்தில். ஒன்று வலது தோளுக்குப் பின்னால், ஒன்று இடது தோளுக்குப் பின்னால். தரையில் தண்ணீர் பரவி அவள் குதிகாலைத் தொட்டது.

“அக்கா” என்றது வலதுபக்கம். பக்கத்திலிருந்துதான். தொட்டிக்கு அடியிலிருந்து கேட்கிற மாதிரி. “திரும்பிப் பாரு அக்கா.”

பார்த்தால் போதும். திரும்பி, கண்ணைத் திறந்து, பார்த்தேன் என்று ஒரு வார்த்தை. போய்விடுவார்கள். அவளுக்குத் தெரியும்.

லாரி சக்கரம் ஏறின முகம். துணியை விலக்கினால் என்ன இருந்தது? ஹரிதா ஏன் அப்படி அலறினாள்?

அகிலா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

காத்திருந்தார்கள்.

பிறகு கீபோர்டில் எழுத்து அழுந்துகிற சத்தம். அவள் கை மடியில்தான் இருந்தது. கண்ணை லேசாகத் திறந்து திரையை மட்டும் பார்த்தாள். கில் என்று இருந்தது. மைனஸ். ஒன்பது. அதன் பக்கத்தில், ஒவ்வொரு இலக்கமாக, அவளுடைய எண்.

தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டு வந்தது. தண்ணீரில் வெகுநேரம் ஊறி வெளுத்துச் சுருங்கின விரல்கள். ஒரு விரலில் தறி இழை இறுக்கிச் சுற்றி, நுனி கறுத்திருந்தது. அந்த விரல் என்டர் மேல் வந்து உட்கார்ந்தது. அழுத்தவில்லை. சொட்டிக்கொண்டே, அவள் திரும்புவாளா என்று பார்த்துக்கொண்டிருந்தது.