சொப்பனத்தில் ஒரு கொலை!

"ஐயோ, கொலை! டிவியிலேயே சொல்றாருய்யா!"

ஞாயிறு காலை பதினொன்று. மண்ணூர் ஆண்கள் விடுதியின் உரிமையாளர் அந்தோணிராஜ் போட்ட அலறலில், மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட ஹாலுக்கு ஓடி வந்தார்கள்.

டிவியில் டாக்டர் இராமச்சந்திரன். பிரபல மனப்பகுப்பாய்வு நிபுணர். அவரைப் பற்றிய ஆவணப்படம். கடைசி அரைமணி நேரம் மட்டும், ஸ்ரீபெரும்புதூர் கிளினிக்கிலிருந்து நேரலை.

"கனவு என்பது நிறைவேறாத ஆசை!" டாக்டர் விரலை உயர்த்தினார். "ஓர் இளைஞர் வந்தார். தன் சூப்பர்வைசரின் கழுத்தை நெரிப்பதாக தினமும் கனவு! அந்த ஆசை ஒருநாள் கைக்கு இறங்கியே தீரும்! பெயரைச் சொல்ல மாட்டேன். தொழில் தர்மம். ஒரகடத்தில் கார் கதவு மாட்டும் லைனில் வேலை. இடது புருவத்தில் தழும்பு. இவ்வளவுதான் சொல்வேன்!"

முப்பது தலைகள் திரும்பின.

மாசானம் சட்டென்று இடது புருவத்தைக் கையால் மூடினான்.

லேட்!

அவனுடைய சூப்பர்வைசர் டில்லிபாபுவை நான்கு நாட்களாகக் காணவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். வீட்டுக்கும் போகவில்லை...

அந்தோணிராஜ் போன் போட்டார். பத்தே நிமிடத்தில் ஜீப்!

இன்ஸ்பெக்டர் காந்திமதி குதித்து இறங்கினாள்.

"பாடி எங்கடா?"

"சொப்பனத்துலதான் மேடம் கொன்னேன்! முழிச்சிருக்கும்போது குட் மார்னிங்தான் சொல்லுவேன்!"

"சரி, கனவுல எதுக்குடா கொன்னே?"

"தூங்க விடமாட்டாரு மேடம். ஷிஃப்ட் முடிஞ்சா ஓ.டி.ம்பாரு, ஓ.டி. முடிஞ்சா ஷிஃப்ட்டும்பாரு. அவரும் வீட்டுக்குப் போக மாட்டாரு. பஸ்ல பத்து நிமிசம் கண்ணசருவேன். அவரக் கொல்லுததுக்கே அது சரியாப் போயிரும்!"

"இன்னா மேடம், நெஞ்சழுத்தமா பேசிக்கினு கீறான்!" என்றார் அந்தோணிராஜ்.

விலங்கு பூட்டப்பட்டது. க்ளிக்!

"ஊர்ல எங்கம்மையும் இந்த டிவியத்தான் பாத்துக்கிட்டு இருக்கும், மேடம்..." மாசானத்தின் குரல் உடைந்தது.

அப்போதுதான்...

டிவியில் டாக்டருக்குப் பின்னால் மூடியிருந்த கதவுக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு குரல்!

"டேய்ய்... லைன் நிக்குது பாருடா..."

"மேடம்! எங்க சார் சத்தம்!" மாசானம் துள்ளினான்.

டாக்டரின் முகம் வெளுத்தது. "அ... அது ஆழ்மனம்..."

"ஆழ்மனம் எதுக்குய்யா பக்கத்து ரூம்ல கீது?" காந்திமதி சீறினாள். "ஏறுடா ஜீப்புல!"

கிளினிக். கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. காந்திமதி துப்பாக்கியை நீட்டினாள்.

"உங்க தியரி பலிக்கணும்னு ஆளையே கடத்தி வெச்சிருக்கீங்களா, டாக்டர்?"

பதிலுக்குக் காத்திராமல் கதவை உதைத்தாள்.

உள்ளே ஏசி குளிர். நோயாளிகளுக்கான நீள சோபா. அதன்மேல் டில்லிபாபு... கழுத்து வரை போர்வை. திறந்த வாய். குறட்டை!

டாக்டர் தடாலென்று அவள் காலில் விழுந்தார்.

"கடத்தலா? என்னைக் காப்பாத்துங்க மேடம்! புதன்கிழமை தூக்கம் வரலைன்னு வந்தாரு. படுத்துக்கினு மனசுல தோணறதப் பேசுங்கன்னேன். படுத்தவருதான்! சாப்பிட மட்டும் எழுந்துக்கிறாரு. எழுப்பினா எனக்கே ஓ.டி. போடறாரு! மத்த பேஷன்ட்டுங்க எல்லாம் நின்னுக்கினே அழறாங்க மேடம்!"

"போலீசுக்குச் சொல்ல வேண்டியதுதானே?"

"பேஷன்ட் ரகசியமாச்சே... தொழில் தர்மம்!"

டில்லிபாபு ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"யாரு... மாசானமா? லைன் ஓடுதா?"

"இன்னைக்கு ஞாயித்துக்கெழம சார். லீவு."

"அப்டியா..."

குழந்தையைப் போலச் சிரித்துவிட்டுப் புரண்டு படுத்தார்.

காந்திமதி விலங்கைக் கழற்றினாள். "இப்பவும் அவரக் கொல்லணும்னு தோணுதாடா?"

மாசானம் அந்த மெத்தென்ற சோபாவையே பார்த்தான்.

"இல்ல மேடம்... கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லுங்க!"