இறகு விழாத இரவு

கம்படிச் சத்தம் கேட்டது, சிறகடிப்புதான் கேட்கவில்லை. தையல்காரி மிஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். நிலவில்லாத நாளில் மூடுபனி மலையேறி வந்துவிட்டால், மேட்டுக் கம்பத்தில் ஏற்றிய விளக்கைப் பார்த்துப் பறவைகள் கூட்டம் கூட்டமாக இறங்கும். இறங்கியவை திரும்பப் பறக்காது. வெளிச்சத்தைப் பார்த்தபடி மந்திரித்து விட்டதுபோல் நிற்கும். மூங்கில் கம்பால் அடிக்க வேண்டியதுதான். ஊருக்குப் பேர் கிடைத்ததே இதனால்தான். விளக்கேற்றுவது அவள் புருஷன். "ஒரு குருவியக்கூட அடிச்சதில்ல, வீராப்புக்கு மட்டும் குறைச்சலில்ல" என்று சாயங்காலம்தான் கேலி செய்து அனுப்பியிருந்தாள்.

ஜன்னலைத் திறந்தாள். ஈரமண் வாசனையோடு, கறிக்கடைப் பக்கம் வீசும் கவுச்சியும் முகத்தில் அடித்தது. எதிர்வீட்டுக் கூரை நெடுகப் பறவைகள். பக்கத்துக் கூரையிலும். ஒன்றுகூட மேட்டுக்குப் போகவில்லை, ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. அங்கே அடி மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. அப்படியானால் எதை அடிக்கிறார்கள்?

கொழுந்தன் வாசலில் வந்து நின்றான். கம்பு முறிந்துவிட்டதாம், வேறு வேண்டுமாம். சட்டை நனைந்து மார்போடு ஒட்டியிருந்தது. நனைத்தது பனியல்ல.

"உங்க அண்ணன் எங்க தம்பி?"

"வெளிச்சத்துலதான் நிக்குது அண்ணி. கெட்டி உடம்பு. எத்தனை அடிச்சாலும் விழ மாட்டேங்குது."

தண்ணீர் கேட்பதுபோல்தான் சொன்னான். அவனைத் தள்ளிவிட்டு மேட்டுக்கு ஓடினாள்.

விளக்கைப் பார்த்தவர்கள் அண்ணாந்து நின்றார்கள். அதற்கு முதுகு காட்டியவர்கள் அவர்களை அடித்துக்கொண்டிருந்தார்கள். மளிகைக்கடைக்காரர் தாடை தொங்க நின்றார். அடுத்த அடியில் சாய்ந்தார். யாரும் கத்தவில்லை. விளக்கைப் பார்க்கக் கூடாது. புருஷனை இழுத்துக்கொண்டு ஓடிவிட வேண்டும். தலையைக் குனிந்துகொண்டே போனாள். காலடியில் மிதிபட்டது யாருடைய விரல்களோ.

அவர் செருப்பு தெரிந்தது. கையைப் பிடித்தாள். சூடாக இருந்தது. பிசுபிசுத்தது.

"வாங்க. வீட்டுக்குப் போயிடலாம்."

அசையவில்லை. இழுத்தாள். உயிர் இருக்கிறதா? முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். உடைந்த மண்டைக்குக் கீழே கண்கள் திறந்திருந்தன. இரண்டிலும் விளக்கு எரிந்தது.

அவள் இழுப்பதை நிறுத்தினாள்.

மெல்லத் திரும்பினாள். கம்பத்தை நோக்கி. பயம் போய்விட்டது. பின்னால் கொழுந்தனின் காலடி. கம்பு காற்றைக் கிழிக்கும் ஓசை. பிடித்திருந்த கை துவண்டு, அவளையும் கீழே இழுத்தது. அவள் குனிந்து பார்க்கவில்லை. வெளிச்சம் அவ்வளவு அழகாக இருந்தது.